பக்கத்து நிரைக்கு ஒரு மூடி தேத்தண்ணி

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு வாசகர், காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். ஜப்பானில் கற்றுக்கொண்ட முறையில் ஒரு கிண்ணம் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு நோட்டில் நாலு வரி எழுதுவேன் என்று இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் பற்றியே இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இம்முறை மற்ற கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டேன்.

கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்தவள் நான். இப்போது திங்கள்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. தேநீர் போடுவதிலும் எழுதுவதிலும் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கிடைக்குமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தெலுக் இந்தான்

டீச்சர், கிடைக்கும் என்று நான் சொன்னால் அது விளம்பரம் மாதிரி ஆகிவிடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1982ல் மலேசிய அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, இங்கிருந்து இளைஞர்களைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அப்படி 1986ல் நாகோயாவுக்குப் போனவன் நான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்தில் வளர்ந்தவனுக்கு அங்கே குளிரும் தனிமையும் தாங்கவில்லை. எங்கள் விடுதிக் காப்பாளரின் மனைவி சனிக்கிழமை மாலைகளில் வீட்டில் தேநீர் முறை சொல்லிக்கொடுப்பார். அந்த அறையில் நெருப்பு இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், போனேன். முதல் மூன்று மாதம் தேநீர் போடவே விடவில்லை. கதவை எப்படித் திறப்பது, பாயில் எந்தக் காலை முதலில் வைப்பது, துணியை எப்படி மடிப்பது, இவ்வளவுதான். எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை என்று ஒரு நாள் என் வாரத்தில் முளைத்துவிட்டது, அது மட்டும் உண்மை.

அப்புறம் மே மாதம் வந்தது. ஒரு சனிக்கிழமை உள்ளே போனால் நெருப்பு இடம் மாறியிருக்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தரையில் வெட்டிய சதுரக் குழியில் நெருப்பு இருக்கும், அதற்கு ரோ என்று பெயர், விருந்தாளிக்குச் சூடு படட்டும் என்று அவருக்குப் பக்கமாகவே இருக்கும். மேயிலிருந்து அக்டோபர் வரை குழியை மூடிவிட்டு, ஃபுரோ என்கிற தனி அடுப்பில் கெண்டியை ஏற்றி, விருந்தாளிக்கு வெக்கை அடிக்காதபடி தள்ளி வைத்துவிடுவார்கள். அதே ஆட்கள், அதே தூள், அதே தண்ணீர். அடுப்பு மட்டும் இடம் மாறுகிறது. நாம் உட்காரும் திசை மாறுகிறது, கை போகிற வழி மாறுகிறது. என்ன மாதம் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது, சுவரில் காலண்டர் தேவையில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். உங்கள் வீட்டில் எதையாவது மாதத்தோடு இடம் மாற்றுங்கள். நான் வெயில் மாதங்களில் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடிப்பேன், மழை தொடங்கிவிட்டால் முன்ஜன்னலுக்கு வந்துவிடுவேன். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிற நாள் என் நோட்டில் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறது, தேதி மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானியத் தேநீர்க்காரர்களிடம் காய்கி என்று ஒரு வழக்கம் உண்டு, விருந்துக் குறிப்பு என்று சொல்லலாம். நாரா ஊரில் மாட்சுயா என்ற வணிகக் குடும்பம் 1533லிருந்து 1650 வரை, மூன்று தலைமுறையாக, தாங்கள் போன விருந்துகளையெல்லாம் எழுதி வைத்தது. தேதி. யார் வீடு. யார் யார் வந்தார்கள். சுவரில் என்ன சித்திரம், என்ன பூ, எந்தக் கெண்டி, எந்தக் கிண்ணம், என்ன சாப்பாடு. மனம் நெகிழ்ந்தது, கண் கலங்கியது என்று பாட்டு கிடையாது. ஆனால் படித்தால் அந்த அறை கண் முன்னால் வருகிறது. டீச்சர், முப்பது வருஷம் வருகைப் பதிவேடு போட்ட கை உங்களுடையது. தினமும் அந்தப் பதிவேட்டைத் திறங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. இன்ன தேதி, மழை உண்டா இல்லையா, யார் வந்தார்கள், எந்தக் கோப்பை, தொட்டுக்கொள்ள என்ன. யாரும் வரவில்லை என்றால் யாரும் வரவில்லை என்று எழுதுங்கள். உங்கள் கணவர் குடித்த கோப்பையை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தால் அதை எடுத்துக் கழுவி, எப்போதாவது அதிலும் குடியுங்கள். அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. அங்கே விருந்தாளி தன் கிண்ணத்தை எடுத்ததும் உடனே குடிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, ஒசாக்கி நி என்பார். உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் களத்துக்குப் போய், பால்மரம் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்கில் பால் வடிந்து நிற்கும் வரை காத்திருக்கிற அந்த நேரத்தில், அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி போத்தலைத் திறப்பார். முதல் மூடி அவருக்கு இல்லை. பக்கத்து நிரையில், அதாவது பக்கத்து மர வரிசையில் வெட்டுகிற அக்காவைக் கூப்பிட்டு, இந்தா, ஆறிப்போவதற்குள் குடி என்று நீட்டுவார். பள்ளி விடுமுறையில் கூடப் போய் இதை நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன். அது ஒரு முறை, ஒரு மரியாதை என்பது எனக்கு நாகோயாவில்தான் உறைத்தது. உங்களுக்கும் பக்கத்து நிரை என்று ஒன்று இருக்கும் டீச்சர், எதிர் வீடோ கோயில் சிநேகிதியோ. வாரத்தில் ஒரு நாள் அவரைக் கூப்பிடுங்கள். அந்த நாள் எது என்று உங்களுக்கு மறக்காது.

மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த முறையைத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?
– ஓர் இளைஞர், கூலிம்

தம்பி, ஒன்றும் வாங்காமல் தொடங்கலாம். வீட்டில் இருக்கிற தேயிலையில் பால் சேர்க்காத ஒரு தே ஓ, கைக்கு அடக்கமான ஒரு கிண்ணம், பத்து நிமிஷம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

விலைக்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தூளுக்கான செடியைப் பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பந்தல் போட்டு நிழலில் வைக்கிறார்கள். பறித்த இலையை ஆவியில் வேக வைத்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திருகையில் அரைப்பது நல்ல ரகம். ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் நாற்பது கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். இதை உலகமே இப்போது ஐஸ் போட்டுப் பாலில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டது, தட்டுப்பாடு வராமல் என்ன செய்யும்.

எனக்கு மாட்சாதான் வேண்டும் என்றால், ஒரே ஒரு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அந்த மூங்கில் மத்து. சாசென் என்பார்கள். நாரா பக்கத்தில் தக்காயாமா என்ற ஊர் இதற்குப் பேர் போனது. ஒரே மூங்கில் துண்டைக் கையால் கீறிக் கீறி மயிர் மாதிரி இழைகளாக்குகிறார்கள், ஒட்டு கிடையாது. கிண்ணத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, மத்தின் நுனியையும் அதிலேயே நனைத்து எடுத்து, தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு, இரண்டு கிராம் தூளைச் சலித்துப் போடுங்கள். சலிக்காவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கொதித்துச் சற்று ஆறிய தண்ணீர், எண்பது டிகிரி போல, எழுபது மில்லி. மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடிக்க வேண்டும், அடியில் தேய்க்கக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை: மத்து வந்த பிளாஸ்டிக் குழாயிலேயே திரும்பப் போட்டு மூடினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். கழுவி, நிழலில், காற்று படுகிற இடத்தில் வையுங்கள். என் முதல் மத்தை அப்படித்தான் பறிகொடுத்தேன்.

ஜப்பானில் நாலு பருவம் இருக்கிறது, பூ பூக்கும், இலை சிவக்கும், பனி கொட்டும். நமக்கு இருப்பது வெயில், இல்லாவிட்டால் மழை. பருவத்தைப் பார், எழுது என்றால் எதை எழுதுவது?
– கல்லூரி மாணவி, பகாவ்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அம்மா.

முதலில் ஜப்பானியர் கதையைக் கேளுங்கள். ஒரு வருஷத்தை 24 பருவங்களாகவும், அதை மேலும் ஐந்தைந்து நாளாக 72 சின்னப் பருவங்களாகவும் பிரிக்கிற கணக்கு சீனாவிலிருந்து அவர்களுக்கு வந்தது. சீனாவின் பறவை வேறு, காற்று வேறு. பல நூற்றாண்டு அந்த இரவல் கணக்கை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 1685ல் புது நாள்காட்டி நடைமுறைக்கு வந்த காலத்தில் ஷிபுகாவா ஹாருமி என்ற வானியலாளர், இது நம் மண்ணுக்குப் பொருந்தவில்லை என்று அந்த 72ஐயும் ஜப்பானுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். கீழ்க்காற்று பனிக்கட்டியை உருக்குகிறது, அது பிப்ரவரித் தொடக்கத்தில் ஐந்து நாள். அழுகிய புல் மின்மினி ஆகிறது, அது ஜூனில் ஐந்து நாள். இப்படி. பருவம் வானத்திலிருந்து எழுதி விழவில்லை, ஒரு ஆள் உட்கார்ந்து தன் ஊரைப் பார்த்து எழுதினார்.

நமக்கும் ஓர் இரவல் கணக்கு உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தொல்காப்பியம் சொல்கிற ஆறு பெரும்பொழுதை எனக்கும் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் மார்கழிப் பனியை உங்கள் நெகிரி செம்பிலானில் எங்கே போய்த் தேடுவது? அந்தக் கணக்கு தமிழ்நாட்டு மண்ணைப் பார்த்து எழுதியது. இந்த மண்ணைப் பார்த்து நாம் இன்னும் எழுதவில்லை. பருவம் இல்லை என்கிறீர்களே, எழுதாததால்தான் இல்லாத மாதிரி இருக்கிறது.

தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள், பருவம் இருக்கிறதா இல்லையா என்று. தைப்பூசத்தை ஒட்டி ரப்பர் இலை பழுக்கத் தொடங்கும். பச்சை, மஞ்சள், செம்பு, அப்புறம் ரத்தச் சிவப்பு. மாசியில் கொட்டும். ஒரு தோட்டமே மொட்டையாகி, வருஷம் முழுக்க இருட்டாக இருந்த நிரைகளில் திடீரென்று வானம் தெரியும். காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். எங்கள் வீட்டில் அதை இலை கொட்டுற காலம் என்றே சொல்வோம், அழகு பார்த்துச் சொன்னதில்லை. அப்போது பால் குறைந்துவிடும், சம்பளம் குறையும், கடைக்காரர் நோட்டில் கடன் ஏறும். அம்மா தேங்காயை இரண்டு நாளுக்கு வைத்துச் சமைப்பார். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும், அதோடு சின்னச் சின்ன மஞ்சள் பூ, ஒருவித தித்திப்பான வாடை, தேனீ. ஜூனிலிருந்து டுரியான். ஆகஸ்ட், செப்டம்பர் மத்தியான வெயிலில் ரப்பர் கொட்டை வெடிக்கும். பட்டென்று ஒரு சத்தம், அடுத்த நொடி தகரக் கூரையில் இன்னொரு சத்தம். நாங்கள் பொறுக்கிக்கொண்டு வந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கையால் குத்தி, எவன் கொட்டை உடைகிறது என்று பந்தயம் விடுவோம். சில வருஷம் புகைமூட்டம், 1997 மாதிரி, 2015 மாதிரி. அப்புறம் தீபாவளி மழை. மரப்பட்டை காயுமா, இன்றைக்கு வெட்டு உண்டா என்று பிரட்டுக் களத்தில் குந்தியபடி எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரப்பர் மரமும் நம்மைப் போலக் கப்பலேறி வந்ததுதான். பிரேசிலிலிருந்து லண்டன் போய், சிங்கப்பூர் வழியாக வந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877ல் நட்டவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, முடிந்தால் ஒரு தடவை வந்து பாருங்கள். இவ்வளவு தூரம் வந்தும் அது இலை உதிர்க்கிற வழக்கத்தை விடவில்லை.

இப்போது வருத்தமான விஷயம். எங்கள் தோட்டம் உட்பட, பல இடங்களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டுவிட்டார்கள். செம்பனை மொட்டையாக நிற்பதே கிடையாது. என் பேரப்பிள்ளைகளுக்கு இலை கொட்டுற காலம் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலிக்கு அப்பால், யாரும் வெட்டாமல் விட்ட ஏழு பால்மரம் இருக்கிறது. இந்த வருஷம் பிப்ரவரியில் என் நோட்டில் இருப்பது இது: "19. மழை இல்லை. மூன்றாவது மரம் முழுக்க மொட்டை. ஏழாவது மரம் இன்னும் பச்சை. பால்காரர் வரவில்லை. நீல விளிம்புக் கோப்பை." ஐந்து வருஷமாக ஏழாவது மரம்தான் கடைசியாகக் கொட்டுகிறது. இது எந்தப் பாடநூலிலும் இல்லை அம்மா, என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. பகாவில் உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத ஐந்து நாள் எத்தனையோ இருக்கும். அதை எழுதுங்கள்.

என் தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். ஜப்பானியர் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? அவர்கள் முறையில் தேநீர் குடிப்பதைப் பெருமையாக எழுத உங்களால் எப்படி முடிகிறது?
– ஒரு வாசகர், சித்தியவான்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அதை ஆற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை.

தெரியும். என் அம்மாவின் பெரியப்பாவை 1943ல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் குடைந்து, அந்த அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள். பெரியப்பா திரும்பவில்லை.

தேநீர் மனிதனை நல்லவனாக்கும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சென் நோ ரிக்யூ என்பவர்தான் இந்த முறைக்கு இன்றுள்ள எளிமையைக் கொடுத்தவர், 1522ல் பிறந்தவர். அவரிடம் தேநீர் பழகிய ஹிதெயோஷி என்ற ஆட்சியாளனுக்குத் தங்கத்தில் இழைத்த தேநீர் அறையே இருந்தது. அந்த ஹிதெயோஷிதான் 1591ல் ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி உத்தரவிட்டான், மறு வருஷம் கொரியாவுக்குப் படை அனுப்பினான். தினமும் அமைதியாகக் கிண்ணத்தைத் திருப்பிக் குடித்த கைதான் அது. இதை மறைத்துவிட்டுத் தேநீரைப் பற்றிப் பேசுவது பொய்.

அந்தக் காலத்து மனிதர்களில் இன்னொரு மாதிரியும் உண்டு. உராசென்கே என்ற பெரிய தேநீர் மரபின் 15வது தலைவரான சென் கென்ஷித்சு, 1923ல் பிறந்தவர். போரில் தற்கொலை விமானப் படையில் பயிற்சி பெற்று, சாக வேண்டியவர் பிழைத்தார். அதன் பிறகு வாழ்ந்த காலமெல்லாம், ஒரு கிண்ணத் தேநீரில் அமைதி என்று நாடு நாடாகப் போய்த் தேநீர் கொடுத்தார். அவரை வைத்து உங்கள் தாத்தாவின் கணக்கு நேராகிவிடாது. ஆனால் அவர் அதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

நாகோயாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா ஒருநாள் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன், பெரியப்பாவைப் பற்றியும். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. நீண்ட நேரம் கெண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கெண்டியின் அடியில் சின்ன இரும்புத் துண்டுகளை வைத்திருப்பார்கள், தண்ணீர் காயும்போது ஊசியிலை மரக் காட்டில் காற்று அடிக்கிற மாதிரி ஒலிக்கும், அதற்கு ஊசியிலைக் காற்று என்றே பெயர். அப்புறம் கேட்டார், அவர் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சயாமுக்குப் போன பெரியப்பா என்றுதான் சொல்வார்கள். அன்றிரவே என் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தோட்டத்து ஆபீஸ் கிராணியின் மகனிடம் சொல்லி எழுத வைத்திருந்தார், அதில் பெயர் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா தன் விருந்துக் குறிப்பில், அன்றைக்கு வந்தவர்கள் வரிசையில் அதையும் எழுதினார். நான் என் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

காஞ்சனபுரியிலும் தான்பியூசயாட்டிலும் வெள்ளைக்கார, ஆஸ்திரேலியக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. காட்டோடு காடாகப் போய்விட்டார்கள். ஐயா, நீங்கள் ஜப்பானியத் தேநீர் குடிக்க வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். உங்கள் தாத்தாவின் பெயர், பிறந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த மாதம் லாரி வந்தது, பாட்டி அன்றைக்கு என்ன சமைத்திருந்தார், இதில் எதெல்லாம் வீட்டில் யாருக்காவது நினைவில் இருக்கிறதோ அதை இந்த வாரமே எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்போது எத்தனை வயது என்று யோசித்துப் பாருங்கள்.

இது பௌத்தத் துறவிகளின் வழிபாடு என்று கேள்விப்பட்டேன். நான் தேவாலயத்துக்குப் போகிறவள். செய்யலாமா?
– வாசகி, பீடோர்

தாராளமாகச் செய்யலாம். ஜென் மடங்களோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு, உண்மைதான். தேயிலையைத் தூளாக்கிக் கலக்கிக் குடிக்கும் வழக்கத்தை 1191ல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற துறவிதான் அங்கே பரப்பினார். ஆனால் ரிக்யூவின் முக்கியமான ஏழு சீடர்கள் என்று சொல்கிற வரிசையில் தக்காயாமா உக்கோன் என்று ஒருவர், அவர் கிறிஸ்தவர். விசுவாசத்தை விட மறுத்ததற்காக நாடு கடத்தப்பட்டு 1615ல் மணிலாவில் இறந்தார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை 2017ல் அருளாளராக அறிவித்தது. உங்களுக்கு அவரே துணை.

நோட்டில் எழுதுவதை ஹைக்கூவாக எழுத ஆசை. ஐந்து, ஏழு, ஐந்து என்று எழுத்தை எண்ணிப் பார்த்தால் தமிழில் சரியாக வரவில்லை.
– வாசகர், சுங்கைப்பட்டாணி

எண்ணாதீர்கள். அந்த 17 என்பது ஜப்பானிய மொழியின் ஒலி அளவு. நம் எழுத்துக்கணக்கு வேறு, அதை இதில் திணித்தால் சொல் மூச்சுத் திணறும். 1916லேயே பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார், வளவளப்பில்லாத அந்தச் சுருக்கம்தான் அவரைக் கவர்ந்தது. நீங்களும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிகோ என்கிற பருவச் சொல். மரபான ஹைக்கூவில் எந்தப் பருவம் என்று காட்டுகிற ஒரு சொல் இருந்தாக வேண்டும். அதற்கென்று சைஜிகி என்ற தனி அகராதிகளே உண்டு, தவளை என்றால் வசந்தம், நிலா என்றால் இலையுதிர்காலம் என்று. அந்தச் சொற்களை அப்படியே தூக்கிவந்து சகுரா, பனி என்று இங்கே உட்கார்ந்து எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பகாவ் மாணவிக்குச் சொன்ன பதிலில் கொட்டை வெடிப்பது, பட்டை காய்வது, டுரியான் விழுவது என்று பத்துப் பருவச் சொல்லாவது இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். சோகம், தனிமை, நினைவு ஆகிய மூன்று சொல்லையும் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். சோகமாக இருந்த நாளில் என்ன கோப்பையில் குடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். உட்கார்ந்து தேநீர் குடிக்க நேரமே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

எங்கள் ஊர்க்காரர் நீங்கள். கேள்வியைப் படித்ததும் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இவ்வளவு நேரம் நான் பேசியதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கான பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

என் அம்மாவுக்கும் நேரம் இருக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து, எங்களுக்குப் பசியாற எடுத்து வைத்துவிட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போனால், மரம் வெட்டி முடிந்து பால் வடிகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் உட்கார்ந்த நேரம். அதுவும் அவருக்காக யாரும் கொடுத்ததில்லை, மரம் கொடுத்தது. உங்கள் நாளிலும் அப்படி எங்கேயோ ஒரு இடைவெளி இருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற நேரமாக இருக்கலாம், பிள்ளைகள் தூங்கிய பின் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு நிற்கிற இரண்டு நிமிஷமாக இருக்கலாம். அந்த நேரத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கையில் இருக்கிற கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள், மழை வருமா என்று பாருங்கள். எழுத முடியாவிட்டால் பெரிய பிள்ளையிடம் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். என் அம்மாவின் நோட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு சாயங்காலங்களில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்:

"வெட்டு உண்டு. பால் கம்மி. தேத்தண்ணி ஒரு மூடி பக்கத்து நிரைக்குக் கொடுத்தேன், சீனி பத்தலைன்னாள்."